ஒன்சர்வீஸ் செயலி: நாம் அனுப்பும் புகார் எந்த அமைச்சுக்குப் போகிறது?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கும் எவருக்கும், வட்டாரக் குறைகளைப் புகார் செய்ய உதவும் ஒன்சர்வீஸ் செயலியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி எழுதப்போவதில் பாதிக்கு மேல் செயலியைப் பற்றி இருக்காது. நாம் அனுப்பும் புகார் எந்த அமைச்சின் கீழுள்ள எந்தக் கழகத்தின் மேசைக்குப் போகிறது, ஏன் அங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் இருக்கும். கைப்பேசித் திரையை மட்டும் பார்த்து இந்தச் சேவைக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள் அதன் முக்கியமான பகுதியைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் வட்டாரத்து வசிப்போர் குழுவில் தொண்டூழியராக இருக்கிறேன். கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யாராவது ஒருவர் வந்து நிற்பார். "தம்பி, கால்வாய் ஓரத்தில் கொசு மொய்க்கிறது. யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று மேல்மாடிப் பாட்டி கேட்பார். "அண்ணே, பாதையில் விளக்கு எரியவில்லை. நகர மன்றமா, வேறு யாருமா?" என்று பக்கத்துப் புளோக் இளைஞர் கேட்பார். இவர்கள் யாரும் அரசாங்கத்தைக் குறை சொல்ல வருகிறவர்கள் அல்லர். வேலை நடக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

தெரியாததில் வியப்பு ஒன்றும் இல்லை. எங்கள் புளோக்கின் பின்பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளமும் அதை ஒட்டிய புல்தரையும் நகர மன்றத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. நாலடி தள்ளி ஓடும் பூங்கா இணைப்புப் பாதை தேசியப் பூங்காக் கழகத்தைச் சேர்ந்தது. அது தேசிய வளர்ச்சி அமைச்சின் கீழ் வருகிறது. பாதைக்கு அப்பால் உள்ள கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. அதற்கு மேலே இருப்பது நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு. அதே கால்வாய் ஓரத்தில் தேங்கிய நீரில் கொசு பிறந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் வரும். அதற்கும் அமைச்சு அதுதான். பாலத்தைத் தாண்டினால் சாலையும் சாலை விளக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கையில். அது போக்குவரத்து அமைச்சு. சாலைக்கு அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும் அரசாங்க நிலத்துக்குச் சிங்கப்பூர் நில ஆணையம் பொறுப்பு. அது சட்ட அமைச்சின் கீழ் இயங்குகிறது. காலையில் மெதுநடை போகும் ஒருவர் வழியில் நான்கு அமைச்சுகளின் எல்லைகளைக் கடந்துவிடுகிறார். தரையில் எங்கும் கோடு போட்டிருக்காது.

இந்தக் கோடுகள் நாடறியப் பேசப்பட்டது 2014 ஆகஸ்ட்டில். அந்த ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், புக்கிட் கோம்பாக்கில் நடைபாதை அருகே கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சியின் கதையைச் சொன்னார். காலையில் ஒரு குடியிருப்பாளர் பார்த்த குச்சி மாலையிலும் அங்கேயே கிடந்தது. ஒரு பக்கத்துச் சரிவு நில ஆணையத்துக்கு, நடுவில் பூங்கா இணைப்பு பூங்காக் கழகத்துக்கு, சாலையோர நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு என்று அந்தச் சிறு இடமே பங்கு பிரிந்திருந்தது. துப்புரவு நேரமும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. அந்த உரையில் அறிவிக்கப்பட்டதுதான் நகராட்சிச் சேவைகள் அலுவலகம். அதே ஆண்டு அக்டோபரில் தேசிய வளர்ச்சி அமைச்சின் கீழ் அது செயல்படத் தொடங்கியது. 2015 ஜனவரியில் அதன் ஒன்சர்வீஸ் செயலி வெளிவந்தது. பிறகு 2021இல் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் பேச்சுவாக்கில் புகார் சொல்வதற்கு 'காக்கி' என்ற உரையாடல் மென்பொருளும் வந்து சேர்ந்தது.

செயலி செய்யும் வேலை எளிமையானது. படம் எடுக்கிறோம், வரைபடத்தில் இடத்தைக் காட்டுகிறோம், என்ன வகைப் பிரச்சினை என்று தேர்ந்தெடுக்கிறோம், இரண்டு வரி எழுதி அனுப்புகிறோம். கோடு எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் பாரம் நம் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. இதை நான் பெரிய மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன். அரசாங்கம் தன் வசதிக்காகப் பிரித்துக்கொண்ட வேலையைக் குடிமக்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. அதை ஒப்புக்கொண்டு கட்டப்பட்ட சேவை இது.

ஆனால் "எல்லாவற்றையும் ஒரே அமைச்சின் கீழ் போட்டிருந்தால் இந்தச் செயலியே வேண்டியிருக்காதே" என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் குழுக் கூட்டங்களிலும் இந்தக் கேள்வி வரும். அப்படிச் சொல்கிறவர்களுடன் நான் ஒத்துப்போகவில்லை. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால் சுற்றுப்புற அமைச்சு எப்படி உருவானது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சுற்றுப்புறத்துக்கென்று தனி அமைச்சு இங்கே 1972இல் ஏற்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1970இல், தூய்மைக்கேட்டைத் தடுக்கும் பிரிவு ஒன்று பிரதமர் அலுவலகத்திலேயே அமைக்கப்பட்டிருந்தது. அது 1983இல்தான் அமைச்சுடன் இணைந்தது. 2004இல் நீர்வளமும் பெயரில் சேர்ந்து 'சுற்றுப்புற, நீர்வள அமைச்சு' ஆனது. 2020 ஜூலையில் இப்போதைய பெயர் வந்தது. அமைச்சு கொள்கை வகுக்கும் இடம். களத்தில் இறங்கும் வேலையெல்லாம் ஆணைபெற்ற கழகங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு கழகத்துக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் உண்டு. தனி நிர்வாகக் குழு, தனி ஊழியர்கள் உண்டு. சுற்றுப்புற அமைச்சின் கீழ் இப்படி மூன்று: தேசியச் சுற்றுப்புற வாரியம், பொதுப் பயனீட்டுக் கழகம், சிங்கப்பூர் உணவு அமைப்பு.

இந்த மூன்றில் என் மனத்துக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு பொதுப் பயனீட்டுக் கழகம். 1963இல் அது தொடங்கப்பட்டபோது தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் அதன் கையில் இருந்தன. 1995இல் மின்சாரமும் எரிவாயுவும் பிரிந்து போயின. 2001 ஏப்ரலில் வர்த்தக, தொழில் அமைச்சிடமிருந்து சுற்றுப்புற அமைச்சுக்கு மாறிய கழகத்திடம், அதுவரை அமைச்சே நேரடியாகப் பார்த்துவந்த கழிவுநீரும் மழைநீர் வடிகாலும் ஒப்படைக்கப்பட்டன. அன்றிலிருந்து வானத்திலிருந்து விழும் துளி, நீர்த்தேக்கத்தில் சேர்வது, குழாயில் வருவது, கழிவறை வழியாகப் போவது, சுத்திகரிக்கப்பட்டுப் புதுநீராகத் திரும்புவது எல்லாம் ஒரே கழகத்தின் கணக்கில் வருகின்றன. கழிவுநீர் ஒருவரிடமும் குடிநீர் இன்னொருவரிடமும் இருந்தால், ஒருவருக்கு அது அப்புறப்படுத்த வேண்டிய தொல்லை. மற்றவர் தண்ணீர் கிடைக்கவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்தபின் கழிவுநீரே மூலப்பொருள் ஆகிவிடுகிறது. 2003இல் புதுநீர் அறிமுகமானது. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாகவும், நீரைச் சேமிக்க 17 நீர்த்தேக்கங்களும் இன்று இருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட நிர்வாக ஒழுங்கும் இருக்கிறது. 2020இல் கடலோரப் பாதுகாப்பும் இதே கழகத்திடம் சேர்க்கப்பட்டது. கடல் மட்ட உயர்வைச் சமாளிக்க 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ தேவைப்படலாம் என்று அதற்கு முந்தைய ஆண்டுப் பேரணியில் சொல்லப்பட்டிருந்தது. கடல் பொங்கும் அதே நேரத்தில் கனமழையும் பெய்தால் வடிகால் நீர் எங்கே போகும் என்பதை யோசிக்க வேண்டியவர் ஒருவராக இருப்பது நல்லது.

சுற்றுப்புற வாரியம் வேறு மாதிரி. 2002இல் அமைந்த இதன் பொறுப்புகளை ஒருவரிடம் வரிசையாகச் சொன்னால் நம்ப மாட்டார்: குப்பை எரிக்கும் ஆலைகள், செமாக்காவ் நிரப்பு நிலம், கொசு ஒழிப்பு, பொது இடத் துப்புரவு, வானிலை ஆய்வகம், மண்டாய் தகனச் சாலை, கூடவே உணவங்காடி நிலையங்கள். வானிலையும் நாசி லெமாக் கடையும் ஒரே வாரியத்தில் ஏன் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வரலாறு தெரிந்தால் புரியும். தெருவோரக் கடைகளின் எச்சங்கள் ஆற்றில் கலந்த காலத்தில் அந்தக் கடைக்காரர்களைத் தண்ணீர், வடிகால் வசதியுள்ள நிலையங்களுக்குக் குடியமர்த்தியது சுற்றுப்புறப் பணியாகத்தான் நடந்தது. 1977இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நீடித்த சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டம் அதோடு பின்னியது. நிலையங்கள் கட்டியவர்களிடமே தங்கிவிட்டன. இந்த உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றபோது நான் நினைத்துக்கொண்டது சாக்கடையையும் துப்புரவையும் கவனித்த அந்த அதிகாரிகளைத்தான்.

உணவு அமைப்புதான் மூன்றில் இளையது. 2019 ஏப்ரல் வரை பண்ணை, இறக்குமதி உணவுகளை ஒரு அமைப்பும் கடையில் விற்கும் சமைத்த உணவை வேறு ஒரு அமைப்பும் கண்காணித்தன. அன்று வேளாண், உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் கலைக்கப்பட்டு, உணவு சார்ந்ததெல்லாம் புதிய அமைப்புக்கும் விலங்கு, தாவரம் சார்ந்தவை பூங்காக் கழகத்துக்கும் போயின. ஆகவே கடைச் சாப்பாட்டால் வயிறு கெட்டால் உணவு அமைப்பு. புறாக்களுக்கு ஒருவர் தினமும் தீனி போட்டு இடத்தை அசுத்தமாக்கினால் பூங்காக் கழகம்.

எல்லாவற்றையும் ஒரே அமைச்சின் கீழ் போடலாமே என்ற அந்தக் கேள்விக்கு இப்போது வருகிறேன். பூங்காவையும் சாலையையும் நிலத்தையும் இந்த அமைச்சுக்குள் இழுத்துப் போட்டால் கோடு மறையாது, உள்ளே போய்விடும், அவ்வளவுதான். சுற்றுப்புற அமைச்சு, சுற்றுப்புற வாரியம், பயனீட்டுக் கழகம் மூன்றும் ஸ்காட்ஸ் ரோட்டில் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. இருந்தும் கால்வாயின் கட்டுமானம் ஒருவருக்கு, அதில் பிறக்கும் கொசு இன்னொருவருக்கு. நேர்மாறாக, பூங்காக் கழகம் பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) இருக்கிறது, அமைச்சும் வேறு. ஆனால் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் பயனீட்டுக் கழகமும் பூங்காக் கழகமும் கைகோத்து, 2.7 கிலோமீட்டர் காங்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தன. அங்கே போய் நின்று பாருங்கள். எது பூங்கா, எது வடிகால் என்று சொல்ல முடியாது. மழை இல்லாத நாளில் குழந்தைகள் கரையில் விளையாடுகிறார்கள். கனமழையில் அதே புல்வெளி வெள்ளத்தைத் தாங்குகிறது. துவாஸில் உருவாகும் ஒருங்கிணைந்த வளாகத்திலும் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர்ச் சேறும் சுற்றுப்புற வாரியம் கொண்டுவரும் உணவுக் கழிவும் சேர்ந்து எரிவாயு ஆகும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். பிரிவினை வேலைக்குத் தடை இல்லை. இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் நின்று பேசிவைக்க ஆள் இல்லாததுதான் தடை. அந்த ஆளாக நகராட்சிச் சேவைகள் அலுவலகம் என்ற ஒரு சிறு அலுவலகத்தை அமைத்தது சரியான முடிவு என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த அலுவலகம் தேசிய வளர்ச்சி அமைச்சின் கீழ் இருப்பதும் பொருத்தமே. வீவகவும் பூங்காக் கழகமும் அங்கே இருக்கின்றன. நகர மன்றங்களுக்கான சட்டமும் அந்த அமைச்சின் பொறுப்பில்தான் வருகிறது. 2014இல் இந்த அலுவலகத்தை மேற்பார்வையிட முதலில் நியமிக்கப்பட்ட கிரேஸ் ஃபூ, 2020இல் சுற்றுப்புற அமைச்சரானார். ஒருவரே இரு பக்கத்தையும் பார்த்திருப்பது பயன்தான். ஆனால் நகர மன்றம் அமைச்சின் கிளை அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தவை அவை. அவற்றை நடத்துகிறவர்கள் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்கள். எதிர்க்கட்சியினர் நடத்தும் மன்றங்களும் உண்டு. நாம் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் துப்புரவும் மின்தூக்கிப் பராமரிப்பும் நடக்கின்றன. எனவே தாழ்வாரத்தில் ஓட்டை என்றால் அதற்கு அமைச்சரைக் கேட்பதில் பொருள் இல்லை. நம் மன்றத்தைக் கேட்கும் உரிமை நமக்கு நேரடியாகவே இருக்கிறது.

மீன் உருண்டைக் குச்சியைக் குனிந்து எடுக்கிற கையும் மாறியிருக்கிறது. 2012இல் சுற்றுப்புற வாரியத்துக்குள் பொதுத் தூய்மைத் துறை ஒன்று ஏற்பட்டது. சாலை, வடிகால், அரசாங்க நிலம், பூங்கா என்று சிதறிக் கிடந்த துப்புரவு படிப்படியாக அதனிடம் சேர்ந்தது. செயலியைவிட இந்த மாற்றத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். புகார் போடவே தேவையில்லாத நிலைமையை நோக்கிய வேலை அது.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து வரும் கூரைப் பாதையும் எங்கள் புளோக்கிலிருந்து போகும் கூரைப் பாதையும் ஒன்றை ஒன்று தொடும் இடத்தில் ஒரு கை அகல இடைவெளி இருந்தது. மழையில் நீர் சரியாக அந்த இடத்தில் கொட்டி, தரை வழுக்கியது. சக்கர நாற்காலியில் அம்மாவைத் தள்ளி வரும் ஒரு பெண் என்னிடம் சொன்னார். இரண்டு கூரைக்கும் தனித்தனிப் பொறுப்பாளர்கள். இடைவெளிக்கு யாரும் இல்லை. செயலியில் போட்டேன். தூரத்திலிருந்து இரு கூரையும் தெரியும்படி ஒரு படம், தரையில் நீர் தேங்கியதைக் காட்டும் கிட்டப்படம் ஒன்று, பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், சக்கர நாற்காலி பற்றி ஒரு வரி. பிறகு இரு தரப்பு அதிகாரிகளும் சேர்ந்தே வந்து பார்த்தார்கள். ஒரு தகடு வைத்து மூடியாயிற்று. தனித்தனியாகத் தொலைபேசியில் அழைத்திருந்தால் இரு தரப்பையும் ஒரே நேரத்தில் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்க என்னால் முடிந்திருக்காது.

இதிலிருந்து பயனாளர்களுக்கு ஒரு யோசனை. தேர்ந்தெடுக்கும் வகை ஒன்றுதான், ஆனால் உண்மையான பிரச்சினை பல நேரம் இரண்டாக இருக்கும். தேங்கிய நீர் வடிகால் பிரச்சினையாகவும் இருக்கலாம், கொசுப் பிரச்சினையாகவும் இருக்கலாம். வகையைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். எழுதும் இடத்தில் இரண்டையும் சொல்லிவிடுங்கள். கோடு எங்கே போகிறது என்று உங்களுக்கு ஓரளவு தெரிந்திருந்தால் அதையும் எழுதுங்கள்: "புல்தரைக்கும் நடைபாதைக்கும் இடையில்" என்பது "புளோக் பின்னால்" என்பதைவிட ஆயிரம் மடங்கு உதவும். விளக்குக் கம்ப எண், பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண் இரண்டும் கண்ணெதிரே எழுதியிருக்கின்றன. அமைப்பு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் கட்டாயம் நமக்கு இல்லை; தெரிந்தவர் போடும் புகார் சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பது என் கணிப்பு.

வயதானவர்களுக்குச் செயலியைவிட வாட்ஸ்அப்பில் வரும் காக்கி சுலபம். பேரப்பிள்ளைகளுக்குப் படம் அனுப்பிப் பழகிய கைகளுக்கு அது புதிதாகத் தோன்றாது. எங்கள் குழுவில் மூத்தவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுகிறோம்.

அவசரத்துக்கு இந்தச் சேவையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தீ, உயிராபத்து என்றால் 995. காவல்துறைக்கு 999. மின்தூக்கியில் யாராவது சிக்கினாலோ, குடியிருப்பின் பொது இடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தாலோ, நகர மன்றத்தின் 24 மணி நேர அவசரப் பராமரிப்புப் பிரிவை அழையுங்கள். ஒவ்வொரு மன்றத்துக்கும் எண் வேறு. உங்கள் மன்றத்தின் எண்ணைக் கேட்டு இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.